தசைகளை எண்ணிய சுசுருதர்

விடுதியில் தினமும் கர்லாக்கட்டை சுற்றிவிட்டுப் புயத்தை நூலால் அளந்து பார்ப்பவன் நான். என் கணக்கைக் குழப்பியவர் சுசுருதர்.

ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவராகக் கருதப்படும் அவர், காசியரசர் திவோதாச தன்வந்திரியிடம் மருத்துவம் பயின்றதாக அவர் பெயரால் வழங்கும் சம்ஹிதையே கூறுகிறது. பிணத்தைக் கூண்டிலிட்டு நீரில் ஏழு நாள் ஊறவைத்து, தோலை மெல்லத் தேய்த்தகற்றி உள்ளே பார்க்கும் முறையை அவர் வகுத்தார். மனித உடலில் 500 தசைகள் என்று எண்ணிச் சொன்னவரும் அவரே. தசையை இவ்வளவு நெருங்கிக் கண்டவர், அது பெருகப் பெருக நன்மை என்று சொல்லியிருப்பார் என்றே நினைத்தேன். ஏமாந்தேன்!

ஏழு தாதுக்களில் மூன்றாவதான மாமிசம் மிகுந்தால் கன்னம், உதடு, புயம், தொடை, கணைக்கால் எல்லாம் பருத்து உடல் கனத்துப்போகும்; அதைக் குறைத்துச் சமன்செய்ய வேண்டும் என்பது அவர் கொள்கை. உடற்பயிற்சியை அவர் போற்றினார். ஆனால் பாதி வலிமையோடு நிறுத்தச் சொன்னார். வாயால் மூச்சு வாங்கத் தொடங்கினால் பாதி தீர்ந்தது என்று பொருள்.

நானோ, அதன் பிறகுதான் எண்ணவே தொடங்குவேன்.