மலைச்சரிவில் ஒரு வீடு



பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு அடுக்கம் வழியாக ஒரு மலைப்பாதை உண்டு. அந்த ஊர்ப் பெயரின் பொருள் தெரியுமா? பழந்தமிழில் அடுக்கம் என்றால் மலைச்சரிவு. படிப்படியாக அடுக்கி வைத்ததுபோல இறங்கும் இடம்.

அப்படிப்பட்ட சரிவில் வீடு கட்டச் சொன்னால் என்ன செய்வீர்கள்? மண்ணை வெட்டிச் சமமாக்குவேன் என்பீர்கள். ஆனால், மலையை அதன் போக்கில் விட்டு, வீட்டையே படிப்படியாக இறங்க வைத்தார் ஒரு பெண். வீட்டின் உள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அவரே தீர்மானித்தார். அவர்தான் இலங்கையைச் சேர்ந்த மின்னெட் டி சில்வா.

இவர் 1918-ம் ஆண்டு பிப்ரவரி 1-ம் தேதி, மலைகள் சூழ்ந்த கண்டி நகரில் பிறந்தார். தந்தை ஜார்ஜ் டி சில்வா, வழக்கறிஞர்; அரசியல் தலைவர். தாய் ஆக்னஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர். 1931-ல் இலங்கைப் பெண்களுக்கு அந்த உரிமை கிடைத்தது.

மின்னெட்டுக்குக் கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்று ஆசை. அப்பா தயங்கினார். அந்தக் காலத்தில் இலங்கையில் அதைப் படிக்கக் கல்லூரியே கிடையாது. மின்னெட் விடவில்லை. வீட்டாரைச் சம்மதிக்க வைத்து, 1938-ல் பம்பாய்க்குப் புறப்பட்டார்.

அங்கும் ஒரு சிக்கல். கல்லூரியில் நேரடியாகச் சேரத் தேவையான மெட்ரிகுலேஷன் தகுதி அவரிடம் இல்லை. அதனால் என்ன? ஒரு கட்டட நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். தனியாகப் பாடம் படித்தார். இந்தியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான பெரின் மிஸ்திரி அவருக்குத் தோழியானார். பிறகு, ஜே.ஜே. கலைப்பள்ளியில் இடமும் கிடைத்தது.

அப்போது வந்தது 1942. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் காந்தியடிகள் கைதானார். அவரை விடுதலை செய்யக் கோரி நடந்த ஊர்வலத்தில் மின்னெட்டும் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொன்னது பள்ளி. அவர் மறுத்தார். வெளியேற்றப்பட்டார்!

ஒரு வரி எழுதியிருந்தால் படிப்பு மிஞ்சியிருக்கும். ஆனால், தவறு செய்யாதபோது எதற்கு மன்னிப்பு? கனவு பாதியில் நின்றதே என்று அவர் மூலையில் உட்காரவில்லை. பெங்களூருக்கு வந்து, ஆட்டோ கோனிக்ஸ்பர்கர் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞரிடம் வேலை செய்து தொழிலைக் கற்றார்.

போர் முடிந்த பிறகு லண்டனில் படிப்பைத் தொடர்ந்தார். 1948-ல் பிரிட்டனின் அரச கட்டடக் கலைஞர் கழகத்தில் உறுப்பினர் ஆனார். அந்தத் தகுதியைப் பெற்ற முதல் ஆசியப் பெண் அவர்தான்!

லண்டனிலேயே இருந்திருக்கலாம். 1949-ல் கண்டிக்குத் திரும்பினார். கருணாரத்ன என்ற குடும்பத்துக்காக மலைச்சரிவில் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். பெண் கட்டிய வீடு நிற்குமா என்று பலருக்குச் சந்தேகம். 1951-ல் வீடு எழுந்தது!

அந்த வீட்டுக்குள் போனால் ஆச்சரியம் காத்திருந்தது. கண்டி வட்டாரத்தில் 'தும்பர' என்ற பாய் உண்டு. நம் ஊர்ப் பத்தமடைப் பாயைக் கோரையில் நெய்வதுபோல, அதை நாரில் நெய்வார்கள். அந்தப் பாயைக் கதவுகளில் பதித்தார் மின்னெட். உள்ளூர்க் குயவர்களின் சுடுமண் ஓடுகள், அரக்கு வேலை செய்த மரம், ஜார்ஜ் கீற்று வரைந்த சுவரோவியம் எல்லாம் ஒரே வீட்டில் இடம்பிடித்தன. கூடவே, வெளிச்சம் தரும் கண்ணாடிக் கற்களும் இருந்தன. பழையதும் புதியதும் சண்டையில்லாமல் சேர்ந்து வாழ்ந்தன.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வேலை குறைந்து தவித்த கைவினைஞர்களுக்கு வேலை கிடைத்தது. அழகு என்பது பணக்கார நாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டியதில்லை, பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறது என்று காட்டினார் மின்னெட்.

பிறகு, கண்டியில் வட்டாபுலுவ என்ற இடத்தில் அரசு ஊழியர்களுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அமைக்கும் பொறுப்பு வந்தது. ஒரே மாதிரி வரைந்து தள்ளவில்லை அவர். குடியிருக்கப் போகிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எத்தனை பேர், எப்படிச் சமைப்பீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டுப் பல வகை வீடுகளை வடிவமைத்தார். 1975 முதல் 1979 வரை ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார்.

வயதான காலத்தில் உலகம் அவரைக் கொஞ்சம் மறந்துதான் போனது. 1996-ல் இலங்கைக் கட்டடக் கலைஞர் கழகம் தங்கப் பதக்கம் தந்தது. 1998 நவம்பரில் கண்டியில் காலமானார். இன்று பல நாட்டு மாணவர்கள் அவரைத் தேடிப் படிக்கிறார்கள்.

குழந்தைகளே, வீட்டை வடிவமைக்கும் ஆசை உங்களுக்கும் உண்டா? இன்றே தொடங்கலாம். ஒரு தாளில் உங்கள் வீட்டை வரையுங்கள். காலை வெயில் எந்த ஜன்னலில் விழுகிறது? பாட்டி உட்கார்ந்து எழ வசதியான இடம் எது? அம்மா சமையலறையில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார்? கேட்டு எழுதுங்கள். மின்னெட்டும் கேட்டுவிட்டுத்தான் வரைந்தார்!