அகுஸ்தீனாரின் கண்ணீர்

வட ஆப்பிரிக்காவில் 354ஆம் ஆண்டு பிறந்த அகுஸ்தீனார், மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராய் விளங்கியவர். 387இல் திருமுழுக்குப் பெற்றுத் தாயகம் திரும்பித் தவவாழ்வு மேற்கொண்டார். 391இல் அவர் ஹிப்போ நகர் சென்றிருந்தபோது, முதிய ஆயராகிய வலேரியார் தமக்குத் துணையாக ஒரு குரு வேண்டுமென மக்களிடம் கூறினார். மக்கள் அகுஸ்தீனாரைப் பற்றிச் சென்று ஆயர்முன் நிறுத்தினர். அவர் கண்ணீர் உகுத்தார். ஆயர் பதவி கிட்டாமையால் அழுகின்றார் என எண்ணிச் சிலர் தேற்றினர். அவரோ பணியின் பெருமையையும் தம் சிறுமையையும் நினைந்தே அழுதார். எனினும் அஞ்சி ஓடவில்லை. மறைநூல் கற்கச் சிறிது காலம் வேண்டி ஆயருக்கு மடல் வரைந்தார். பின்னர் ஆயராகி, 430இல் வாண்டலர் நகரை முற்றுகையிட்டபோதும் மக்களைப் பிரியாது அங்கேயே உயிர்நீத்தார். தம் குறையை உணர்ந்தமை அவரைக் கற்கச் செய்தது. அக்கல்வியே ஏறத்தாழ 40 ஆண்டுத் தொண்டிற்கு அடிப்படையாயிற்று.