பல்வேர் கண்ட எட்மண்டு கெல்ஸ்

ஏரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு நீர்ப்பரப்பு ஒன்றே புலனாகும். அடித்தரையின் மேடும் பள்ளமும் புலனாகா. நம் புழல் ஏரிக்குரிய இவ்வியல்பு பல்லுக்கும் பொருந்தும். வெளியே வெண்மையும் உறுதியும் உடையதாய்த் தோன்றும் பல்லின் வேர், ஈறும் எலும்பும் மறைத்த இடத்தில் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருத்தல் கூடும். பெரும்பாலும் அதனால் நோவும் இராது. பால்பற்களின் வேர் கரைதல் இயற்கை. நிலைப்பற்கள் எழுதற்கு அது வழிவிடும். நிலைப்பற்களின் வேர் கரைவதோ கேடு. அடிபடுதல், பல்வரிசை திருத்தும் கம்பியின் அழுத்தம், அருகே புதைந்துள்ள பிறிதொரு பல்லின் நெருக்கம் முதலியன அதற்குக் காரணங்களாம். மறைந்து கிடக்கும் வேரை உயிருள்ளார் வாயில் காண வழி வகுத்த முன்னோடிகளுள் ஒருவர் எட்மண்டு கெல்ஸ். அப்பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

கெல்ஸ் 1856ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் பல் மருத்துவர் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தந்தையின் தொழிலையே தாமும் மேற்கொண்டார். மின்சாரம் புதுமையாயிருந்த அந்நாளில் அதனைத் தம் மருத்துவ அறைக்குக் கொணர்ந்தார். பெண்டிர் துணையின்றிப் பல் மருத்துவரிடம் செல்லத் தயங்கிய காலத்தில், 1885இல், பெண் ஒருவரைத் தம் உதவியாளராக அமர்த்தினார்.

1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியில் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டார். சில திங்களுக்குள், அந்நாட்டு வால்காப் என்பார் தம் பற்களையே 25 நிமிடம் அசையாதிருந்து படமெடுத்தார். கெல்ஸும் வாளாவிருந்தாரல்லர். 1896இலேயே கருவியைப் பெற்றுப் பற்களைப் படமெடுத்து, ஆஷ்வில் நகரில் கூடிய பல் மருத்துவர்க்குச் செய்து காட்டினார். 1899இல் பல்வேரின் குழியில் ஈயக் கம்பியை இட்டுப் படமெடுத்து, அதன் நீளத்தை அளந்தறிந்தார். கைந்நிதானத்தை நம்பியிருந்த தொழிலுக்கு இவ்வாறு கண் கிடைத்தது.

அக்கண்ணுக்கு அவர் கொடுத்த விலை பெரிது. கதிர்க்குழாயின் திறத்தைச் சோதிக்கும் பொருட்டுத் தம் கையையே குழாய்க்கும் ஒளிர்திரைக்கும் இடையே நீட்டி, விரலெலும்புகள் தெளிவாய்த் தோன்றுகின்றனவா என்று நோக்குவது அவர் வழக்கம். கதிரின் கொடுமையை அந்நாளில் அறிந்தார் சிலரே. ஆண்டுகள் பல கழிந்தபின் அக்கையில் புற்றுநோய் தோன்றிற்று. முதலில் விரல்களும், பின்னர்க் கையும், அதன்பின் தோளை நோக்கிய பகுதிகளும் ஒவ்வொன்றாக அறுத்து நீக்கப்பட்டன. அந்நிலையிலும் எழுதுகோலை விடாது, 1926இல் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக வெளியிட்டார். 1928 மே 7ஆம் நாள், அத்துன்பத்தினிடையே அவர் வாழ்வு முடிவுற்றது.

அவரை நாம் போற்றுதற்கு வேறொரு காரணமும் உண்டு. பல உடல்நோய்களுக்குப் பல்லே வித்து என்னும் கொள்கை அக்காலத்தில் பரவிற்று. படத்தில் ஒரு நிழல் கண்டவுடனே பற்களைப் பிடுங்கியெறிந்தார் பலர். கெல்ஸ் 1920இல் அதனை வன்மையாகக் கண்டித்தார். தம் கையை ஈந்து வளர்த்த கலை காப்பதற்கன்றி அழிப்பதற்குப் பயன்படுதலை அவர் பொறுத்திலர்.

இன்றும் அவ்வெச்சரிக்கை வேண்டற்பாலதே. வேர் கரைவு, படத்தில் குறுகிய நுனியாகவோ வேரின்மேற் படிந்த கருநிழலாகவோ தோன்றும். ஆயினும் படம் தட்டையானது. முன்னது எது, பின்னது எது என்று சொல்லாது. ஆதலின் கோணம் மாற்றி மற்றொரு படம் எடுப்பர். நிழல் வேர்க்குழியை விட்டு நகராதாயின் கரைவு உட்புறத்தது, விலகுமாயின் வெளிப்புறத்தது. ஐயம் நீங்காதவிடத்து முப்பரிமாணப் படம் துணைசெய்யும். 1953இல் சென்னையில் அரசினர் பல் மருத்துவக் கல்வி தொடங்கிற்று. இன்று நம் வட சென்னைத் தெருக்களிலும் நொடிப்பொழுதில் எடுக்கப்படும் சிறு படம் எளிய பொருளாயிற்று. கதிரின் அளவும் பன்மடங்கு குறைந்துள்ளது. அதன் வழியிற் கைநீட்டுவார் எவருமிலர்.

நாம் அச்சமின்றி ஒரு கணம் வாய்திறந்து அமர்கின்றோம். அவ்வச்சமின்மை ஒருவர் இழந்த கையால் நமக்கு வந்தது. காண்பவர் விரைந்து முடிவு செய்யாது, பல்லைக் காத்தற்பொருட்டே காண்பாராயின், அக்கை வீணே இழக்கப்பட்டதாகாது.