லூயி பாஸ்டியரும் கோழிக் கொள்ளைநோயும்

குன்னூரிலே 1907-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட பாஸ்டியர் ஸ்தாபனத்தைக் கேள்விப்படாத தமிழர் சிலரே இருப்பர். வெறிநாய் கடித்தவர்களுக்குரிய மருந்து நெடுங்காலம் அங்கிருந்து வந்தமையால் பாஸ்டியர் என்னும் பெயர் நமது கிராமங்களிலும் பரவியிருக்கிறது. ஆனால் அப்பெயருக்குரிய பெரியார் வெறிநாய்க்கடிக்குப் பரிகாரங் கண்டது தமது அறுபத்திரண்டாவது வயதிலேதான். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பு கோழிகளின் நோயை ஆராய்ந்து அவர் கற்ற பாடமே பிந்திய வெற்றிகளுக்கெல்லாம் மூலம். பறவைக் காய்ச்சல் என்னும் கொள்ளைநோய் பனிக்காலந்தோறும் பண்ணைகளையும் நீர்நிலைகளையும் அச்சுறுத்தி வரும் இந்நாளில், அந்தப் பாடத்தை அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து நினைவுகூர்வது உசிதமாகும்.

1822-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பிரான்சு தேசத்தின் கீழ்ப்பாகத்திலுள்ள டோல் என்னும் பட்டணத்தில் பாஸ்டியர் பிறந்தார். தகப்பனார் தோல் பதனிடுபவர். நெப்போலியன் சேனையில் போர்புரிந்து கௌரவப் பதக்கம் பெற்றவர். ஆகவே தேசாபிமானம் அவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்தது. இளமையில் சித்திரம் வரைவதிலே மிகுந்த சாமர்த்தியங் காட்டிய அவர், பின்னர் பாரிஸ் சென்று ரசாயனங் கற்று, 1848-ல் படிகங்களைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியால் பெயர் பெற்றார். மறு வருஷம் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் மரீ லோரான் என்னும் அம்மையாரை மணந்தார். மக்கள் ஐவரில் மூவர் சிறு வயதிலேயே மாண்டனர். நோய் என்பது ஏட்டிலே படித்த விஷயமன்று அவருக்கு.

1865-ல் தென்பிரான்சில் பட்டுப்பூச்சிகள் நோயால் மடிந்து பட்டுத்தொழில் நசித்தபோது, அதைச் சீர்செய்ய அவரை அழைத்தார்கள். அதுவரையில் பட்டுப்பூச்சியையே அறியாதவர் அவர். பல வருஷம் அங்கே பாடுபட்டு, முட்டையிட்ட தாய்ப்பூச்சியைப் பூதக்கண்ணாடியில் வைத்துச் சோதித்து, நோய்க்குறி காணப்பட்டால் அதன் முட்டைகளை அழித்துவிடும் முறையை ஏற்படுத்தினார். இந்த வேலையின் நடுவிலே, 1868-ம் வருஷம் அக்டோபரில், பாரிசவாயு அவரைத் தாக்கியது. இடது கையும் காலும் இறுதிவரை பூரணமாகத் தேறவில்லை. இனிச் சொல்லப்போகும் காரியங்கள் அனைத்தும் நாற்பத்தைந்து வயதில் பாதி உடல் விழுந்த ஒரு மனிதர் செய்தவை என்பதை நேயர்கள் மறவாதிருப்பாராக.

1870-ல் ஜெர்மன் யுத்தம் வந்தது. பிரான்சு தோற்றது. குளிரிலும் பனியிலும் பின்வாங்கி வந்த சேனையினிடையே தம் ஒரே புதல்வரைத் தேடிக்கொண்டு பாஸ்டியரும் மனைவியும் ஊரூராக அலைந்து கண்டுபிடித்தார்கள். பான் சர்வகலாசாலை முன்னர் தமக்களித்திருந்த கௌரவப் பட்டத்தை 1871 ஜனவரியில் அவர் திருப்பியனுப்பிவிட்டார். பட்டத்தைத் துறப்பது எளிதென்று சிலர் கூறலாம். அத்துடன் நிற்கவில்லை அவர். ஜெர்மானியரின் பீருக்கு இளைக்காத பீரைத் தம் தேசத்தார் காய்ச்சவேண்டுமென்று சங்கற்பித்து, அந்தத் தொழிலின் நுட்பங்களை வருஷக்கணக்காக ஆராய்ந்து 1876-ல் ஒரு நூலே வெளியிட்டார். மேடையில் முழங்குவதோடு தேசபக்தி முடிந்துவிட்டதென்று கருதுவோர் நம்மிடையே இன்றும் உண்டாகையால் இதை இங்கே குறிக்கிறோம்.

இனிக் கோழியின் கதைக்கு வருவோம். அக்காலத்தில் பிரான்சின் பண்ணைகளில் கோழிக் காலரா என்ற வியாதி அடிக்கடி தோன்றும். நோய் கண்ட கோழி சிறகுகளைத் தொங்கவிட்டு, இறகுகள் சிலிர்த்துப் பந்துபோலாகி, தூங்கி வழிந்து, பெரும்பாலும் அசைவின்றியே உயிர்விடும். ஒரு கோழிக்குக் கண்டால் சில தினங்களில் பண்ணையே காலியாகும். துலூஸ் நகரத்து மிருக வைத்தியப் பள்ளியின் ஆசிரியரான ஹென்றி துசேன் என்பவர் இந்நோயின் கிருமியைக் கண்டு, அதைப் பாஸ்டியருக்கு அனுப்பி உதவினார்.

பாஸ்டியர் அந்தக் கிருமியைக் கோழி இறைச்சிச் சாற்றிலே வளர்த்தார். அதில் ஒரு துளி தோய்ந்த ரொட்டித் துண்டைத் தின்ற கோழி மாண்டது. அதன் எச்சத்திலும் அதே கிருமி நிறைந்திருந்தது. ஆகவே பண்ணையில் நோய் பரவும் வழி எச்சமும் அதனால் கெட்ட தீனியுமே என்பது தெளிவாயிற்று. கினிப்பன்றி என்னும் சிறு பிராணிக்கு அதே கிருமியைக் குத்தினால் அது சாவதில்லை. தோலின் கீழே ஒரு கட்டி மாத்திரம் எழும்பும்; பிராணியோ வழக்கம்போல் தின்று திரியும். ஆனால் அந்தக் கட்டி உடைந்து ஒழுகும் சீழ் பட்டால் அதே கூண்டிலுள்ள கோழிகள் மடியும். பார்ப்பவனுக்கு, திடமான பிராணியின் அருகிலே கோழிகள் காரணமின்றிச் சாவதாகத் தோன்றும். சௌக்கியமாகக் காணப்படுவதே சாவைச் சுமந்து திரியலாம் என்ற இந்த உண்மைதான் பறவைக் காய்ச்சலின் விஷயத்தில் முதன்மையானது.

அவர் கூறிய பரிகாரம் ஏழைக் குடியானவனுக்கும் எட்டக்கூடியது. கோழிகளைச் சில நாள் தனித்தனியே பிரித்து வைத்தல், எருவையும் எச்சத்தையும் அகற்றுதல், சிறிது கந்தகத் திராவகம் கலந்த நீரால் முற்றத்தை நன்கு கழுவுதல், நோயற்றவையென்று தெரிந்தபின் மீண்டும் சேர்த்தல் இவ்வளவே. தற்காலத்து மிருக வைத்திய இலாகாக்கள் பண்ணைக்காரருக்குச் சொல்லும் புத்திமதியிலே, மருந்துநீரின் பெயர் மாறியிருக்கிறதே தவிர, சாரம் மாறவில்லை.

இதற்குப் பிறகே பெரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. நாட்பட்ட கிருமிச் சாற்றைக் குத்தப்பெற்ற கோழிகள் நோயுற்றுப் பிழைத்தன. பின்பு வீரியமுள்ள புதுச் சாற்றைக் குத்தியபோதும் அவை சாகவில்லை. விடுமுறையின்போது மறதியாக விட்டுவைத்த சாற்றால் இது தற்செயலாக நேர்ந்ததென்று பள்ளிப் புத்தகங்கள் சொல்லும். அவருடைய பேரர் 1964-ல் தேசிய நூல்நிலையத்துக்கு அளித்த ஆராய்ச்சிக் குறிப்பேடுகளோ வேறுவிதமாகக் கூறுகின்றன. மாதக்கணக்கான உழைப்பும், சீடரான எமில் ரூ என்பவரின் கைத்திறனும் அதில் அடங்கியிருந்தன. அதிருஷ்டக் கதை இனிமையானதுதான். ஆயினும் உழைத்தவனுடைய பங்கை அது விழுங்கிவிடுகிறது.

1880-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி பாஸ்டியர் தம் முடிவை அறிஞர் சபையில் அறிவித்தார். ஆனால் கிருமியை மந்தப்படுத்திய விதத்தைச் சொல்லாமல் மறைத்தார். இதனால் வைத்தியர்கள் சினங்கொண்டனர். அவ்வருஷம் அக்டோபரில், எண்பதை நெருங்கிய கேரேன் என்ற வைத்தியர் சபையிலேயே அவர்மீது பாய்ந்து, மறுநாள் துவந்த யுத்தத்துக்கும் அழைப்பு விடுத்தார்! பிறகே, காற்றிலுள்ள பிராணவாயுவில் நெடுநாள் விட்டுவைப்பதனால் கிருமியின் வீரியம் குறைகிறதென்று பாஸ்டியர் வெளியிட்டார். அதைவிட முக்கியமான மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். மந்தமாக்கிய கிருமியைக் குருவி முதலிய சிறு பறவைகளின் உடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்காகச் செலுத்திக்கொண்டே போனால் இழந்த வீரியம் திரும்பிவிடுகிறது. சாதுவான கிருமி என்றும் சாதுவாகவே இராது; அடுத்தடுத்து உடல் கிடைக்குமிடத்தில் அது கொடியதாகும்.

ஆடுகளின் அடைப்பானுக்கு 1881-ல் பூயி-லெ-ஃபோர் என்னும் ஊரில் அவர் நடத்திய பகிரங்கப் பரீட்சை உலகப் பிரசித்தமானது. அங்கே உபயோகித்த மருந்து அவர் புகழ்ந்துவந்த பிராணவாயு முறையால் அல்லாமல், ஷாம்பர்லான் என்ற சீடரின் ரசாயன முறையால் ஆக்கப்பட்டதென்பதை அவர் அப்பொழுது வெளியிடவில்லை. அதையொத்த முறையை முன்னதாகவே முயன்றவர், கோழிக் கிருமியை அனுப்பிய அந்தத் துசேன்தான். அவர் 1890-ல் நாற்பத்து மூன்றாம் வயதிலேயே, உரிய கீர்த்தி அடையாமல் காலமானார். பாஸ்டியரிடம் நமக்குள்ள மதிப்பு அளவிறந்ததாயினும் இதை மறைத்து எழுதுதல் தர்மமன்று.

1885 ஜூலை 6-ந் தேதி, பிரான்சு இழந்திருந்த அல்சேஸ் மாகாணத்திலிருந்து வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பாலகனைத் தாயார் அழைத்து வந்ததும், அவன் பிழைத்ததும், ஜனங்கள் மனமுவந்து தந்த நன்கொடையால் 1888-ல் பாரிசில் பாஸ்டியர் ஸ்தாபனம் எழுந்ததும் யாவரும் அறிந்தவை.

அதே காலத்தில் நடந்த வேறொரு சம்பவத்தை அநேகர் அறியார். ஆஸ்திரேலியாவில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்தன. அவற்றை ஒழிக்கும் உபாயத்துக்கு நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் 25,000 பவுன் பரிசு விளம்பரம் செய்தது. கோழிக் காலராக் கிருமி முயலையும் கொல்லுமாதலால், அதை முயல்களிடையே பரப்பிவிடலாமென்று பாஸ்டியர் யோசனை கூறி, 1888-ல் மனைவியின் உடன்பிறந்தார் மகனான அத்ரியான் லுவார் முதலியோரை அனுப்பினார். சிட்னித் துறைமுகத்திலுள்ள ராட் தீவில் பரீட்சைகள் நடந்தன. பறவைகளைக் கொல்லும் கிருமியைத் திறந்த வெளியில் விடுவது அபாயமென்று அங்குள்ளவர்கள் அனுமதி மறுத்தார்கள். அவர்கள் செய்தது முற்றிலும் சரி. எச்சத்தாலும் தீனியாலும் நோய் பரவுகிறதென்று உலகுக்குக் கற்பித்தவரே, வேலி தாண்டிய பறவைகளின் கதியை எண்ணாது போனார்.

1895 செப்டம்பர் 28-ந் தேதி பாஸ்டியர் காலமானார். அவர் அடக்கமான ஸ்தாபனத்து நிலவறையின் சித்திர வேலைப்பாட்டிலே, ஆடுகளுக்கும் நாய்களுக்கும் நடுவே கோழிகளும் இடம்பெற்றிருக்கின்றன.

பறவைக் காய்ச்சல் வேறு, கோழிக் காலரா வேறு என்பதை இங்கே சொல்லவேண்டும். இத்தாலியில் தூரின் நகரத்துப் பெரோன்சித்தோ என்பவர் 1878-லேயே இக்கொள்ளைநோயை விவரித்திருந்தார். பீங்கான் வடிகட்டியிலும் தங்காத மிகச் சிறிய கிருமி இதற்குக் காரணமென்று 1901-லும், அது இன்புளுவென்சா இனத்தைச் சேர்ந்ததென்று 1955-லும் நிரூபணமாயிற்று. காட்டு வாத்துகளிடம் இக்கிருமியின் மெல்லிய வகைகள் நோயின்றியே வசிக்கின்றன. நெருக்கியடைத்த பண்ணைக்குள் அவை புகுந்து, கோழிக்குக் கோழி தாவித் தாவிக் கொடிய உருவம் அடைகின்றன. பாஸ்டியர் சிறு பறவைகளிடம் கண்டது இதைப் போன்றதே. 1996-ல் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்து வளர்ப்பு வாத்துகளில் தோன்றிய வகை, 2005-ல் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகளை ஆயிரக்கணக்கில் மாய்த்தது. திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வந்து தங்கும் அதே இனம்தான். ஆகவே வலசைப் பறவையைக் குற்றவாளியாக்கிச் சுட்டு விரட்டுவது மதியீனம். விரட்டினால் நோயுற்றவை எட்டுத் திசையும் சிதறும். தடுக்கவேண்டியது ஏரி நீரும் எச்சமும் பண்ணைக்குள் வருவதையும், பண்ணைக் கழிவு ஏரிக்குப் போவதையுமே.

இந்தியாவில் 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்து நவாபூரில் முதன்முதலாக இந்நோய் காணப்பட்டது. 2014-ல் நமக்கு அண்டையிலே குட்டநாட்டு வாத்துகளைத் தாக்கியது. போபால் ஆராய்ச்சிசாலையில் நோய் உறுதிப்பட்டால், சுற்று வட்டாரத்துப் பறவைகளைக் கொன்று புதைத்து உடையவனுக்கு நஷ்டஈடு தருவது நமது சர்க்கார் கைக்கொண்ட வழி. அந்த நஷ்டஈடு தாமதித்தாலோ குறைந்தாலோ என்ன நேருமென்று ஊகிக்க ஆராய்ச்சிசாலை வேண்டியதில்லை. பத்துக் கோழி வைத்திருக்கும் கைம்பெண் முதற் கோழி சுருண்டு விழுந்தவுடனே மீதியை இரவோடிரவாகச் சந்தைக்கு அனுப்பிவிடுவாள். அவள்மீது வழக்குத் தொடுப்பதால் நோய் நிற்காது. கையிலே பணத்தை உடனே கொடுத்தால், அவளே முதலில் வந்து தகவல் சொல்வாள்.

பாஸ்டியருடைய தேசத்திலும் நெடுங்காலம் கொல்வதையே நம்பியிருந்தார்கள். 2021-22 பருவத்தில் மாத்திரம் அங்கே 2 கோடிக்கு மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. முடிவில் 2023 அக்டோபர் 1-ந் தேதி முதல், 250-க்கு மேற்பட்ட வாத்துகளுள்ள பண்ணைகளில் தடுப்பு மருந்து குத்துவதைக் கட்டாயமாக்கினார்கள். குத்தப்பெற்ற வாத்து, பாஸ்டியரின் கினிப்பன்றியைப்போல, வெளியே நலமாகவிருந்து உள்ளே கிருமியைச் சுமக்கக்கூடுமென்று அஞ்சி அமெரிக்காவும் கானடாவும் அப்போது பிரெஞ்சுப் பறவைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தின. அந்த அச்சத்துக்கு விடையாகவே, குத்தியதோடு விட்டுவிடாமல் வைத்தியர்கள் தவறாது அப்பண்ணைகளுக்குச் சென்று வாத்துகளைச் சோதிக்கும் ஏற்பாட்டையும் பிரான்சு செய்தது. அந்த வாத்துப் பண்ணைகளில் பெரும்பாலானவை தென்மேற்குச் சீமையைச் சேர்ந்தவை. துசேன் கோழிக் கிருமியைக் கண்ட துலூஸ் நகரும் அந்தச் சீமையிலேதான் இருக்கிறது.