டாக்டர் ஆண்ட்ரூ பெல்

மதராஸ் கல்லூரி என்னும் பெயர் பூண்ட பாடசாலையொன்று ஸ்காட்லாந்து தேசத்தின் கீழைக் கடற்கரையிலுள்ள ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றும் நடைபெற்று வருகின்றது. அந்நகருக்கும் நம் சென்னைக்கும் யாது உறவு என்று வினவுவார்க்கு விடையாக அமைவதே டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்பாரது சரித்திரம். தமிழ்ச் சிறுவர் எழுத்துப் பயிலும் எளிய வழக்கமொன்றைக் கண்டு, அதனை மேனாட்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பயன்படுமாறு கொண்டு சென்றவர் இவர்.

பெல் 1753-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27-ஆம் நாள் அந்நகரிலேயே பிறந்தார். இவர் தந்தையார் நாவிதத் தொழில் புரிந்தவர். ஆயினும் பல கலைகளில் கைத்திறம் வாய்ந்தவர். இளமையில் இவர் பயின்ற பள்ளிகளில் பிரம்பே ஆசிரியராக விளங்கிற்று. பள்ளிக்குச் செல்லுந்தோறும் உடல் நடுங்கியே சென்றார் என்று இவர் வரலாறு கூறும். கற்பிப்போர் அறியாமையால் கற்போர் துன்புறுகின்றனர் என்னும் எண்ணம் அக்காலத்திலேயே இவர் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் அந்நகரத்துச் சர்வகலாசாலையிற் பயின்று, கணிதத்திலும் இயற்கைத் தத்துவ சாஸ்திரத்திலும் தேர்ச்சி எய்தினார்.

1774-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவுக்குச் சென்று, செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். 1781-இல் திரும்பும்போது இவர் ஏறிய கப்பல் உடைந்து, அரிதின் உயிர் பிழைத்தார். தாய்நாடு சேர்ந்தபின் குருப்பட்டம் பெற்றார். 1787-இல் கல்கத்தாவை நாடிக் கப்பலேறியவர், வழியிற் சென்னையில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டார். கும்பினியாரின் சேனைகளுக்குக் குருவாக இருந்து பொருளும் மிகுதியாக ஈட்டினார்.

அக்காலத்தில் ஐரோப்பியப் போர்வீரருக்கு இந்நாட்டு மகளிரிடம் பிறந்து, தந்தையை இழந்தோ தந்தையாற் கைவிடப்பட்டோ திரிந்த சிறுவர் பலர் சென்னையில் இருந்தனர். அவர்களைக் காக்கும்பொருட்டு 1789-இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்குரிய அநாதசாலையொன்று நிறுவப்பட்டது. அதன் தலைமையை ஏற்ற பெல், அப்பணிக்குரிய சம்பளத்தை வேண்டாவென மறுத்துவிட்டார். பணத்திற் பெருவிருப்புடையவரென்று பிற்காலத்தாரால் இகழப்பட்ட ஒருவர் இவ்வாறு செய்தது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆனால் அங்கே வேலை எளிதாயில்லை. குறைந்த ஊதியத்துக்கு வந்த உபாத்தியாயர்கள் பழைய முறையை விட்டு அணுவளவும் அசையாதவராயினர். ஆங்கில நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துக்களை அறியவே சிறுவர்க்கு மாதங்கள் பல கழிந்தன.

ஒருநாட் காலையிற் குதிரையேறிச் சென்ற பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். சிறுவர்கள் வரிசையாகத் தரையில் அமர்ந்து, முன்னே பரப்பிய மணலில் விரலால் எழுத்துக்களை எழுதிக்கொண்டிருந்தனர். வாய் ஒலியைச் சொல்ல, விரல் வடிவை வரைய, கண் அதனைக் கண்டது. பிழைத்த எழுத்தைக் கையாற் கலைத்துவிட்டு மீண்டும் எழுதினர். காகிதமும் வேண்டுவதில்லை, மையும் வேண்டுவதில்லை. நம்மவர் நாள்தோறும் கண்டும் பொருட்படுத்தாத இக்காட்சி பெல்லுக்குப் புதையல்போல் தோன்றிற்று.

அநாதசாலைக்கு மீண்டதும், கடைசி வகுப்பை நடத்திய உபாத்தியாயரை அழைத்து, மணலில் எழுத்துப் பயிற்றுமாறு பணித்தார். அவரோ, அம்முறையால் எழுத்தறிவித்தல் இயலாதென்று தட்டிக்கழித்தார். பெல் அவரோடு வாதிடவில்லை. மேல்வகுப்பில் ஜான் பிரிஸ்கன் என்னும் சிறுவன் இருந்தான். போர்வீரன் ஒருவனது மகன். வயது சுமார் எட்டு. கடைசி வகுப்பை அவனிடமே ஒப்புவித்தார். இயலாதென்று முதிர்ந்தவர் விடுத்ததைச் சிறுவன் செய்து முடித்தான். பெரியவர்க்குத் தம் முறையைக் காக்கும் கவலை இருந்தது. சிறுவனுக்கோ தான் அண்மையிற் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லும் உவகையே இருந்தது. அதன்பின் பிற வகுப்புக்களும் மாணாக்கர் கையிலேயே விடப்பட்டன.

ஆங்கிலம் பயிற்றுவதில் பெல் கைக்கொண்ட முறையையும் ஈண்டு அறிதல் நலம். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் பெரும்பாலும் ஒன்றே. க என்று எழுதினால் க என்றே ஒலிப்போம். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் வேறு, சொல்லில் அதன் ஒலி வேறு. ஆதலின் இளஞ்சிறார் இடர்ப்படுவது இயல்பு. பெல் முதலில் எழுத்துக்களை மணலில் எழுதச் செய்தார். வடிவில் ஒன்றையொன்று ஒத்த எழுத்துக்களும் கையால் வரையும்போது வேறுபாடு விளங்கின. அதன்பின் ஓரசைச் சொற்கள். அதன்பின் நீண்ட சொற்களை அசையசையாகப் பிரித்துப் படித்தல். ஓர் அசையைக் கூட்டி முடித்தபின், முன்சென்ற எழுத்துக்களையெல்லாம் மறுபடி ஒப்பித்துக் காலம் போக்கும் பழைய வழக்கத்தை ஒழித்தார். பாடங்கள் சிறியனவாயிருக்கும்; ஆயினும் ஒரு பாடம் முற்றும் கைவரப்பெறாமல் அடுத்ததற்குச் செல்லுதல் கூடாது.

ஒழுங்கிற்கும் பிரம்பை நம்பவில்லை. குற்றங்கள் ஒரு கறுப்புப் புத்தகத்திற் குறிக்கப்பட்டன; வாரந்தோறும் மாணாக்கரே கூடி விசாரித்துத் தீர்ப்பளித்தனர். இங்ஙனம் வளர்ந்த மாணாக்கருள் ஒருவனாகிய பதினேழு வயது வில்லியம் ஸ்மித், திப்பு சுல்தானின் பிணைப்பட்ட புதல்வரைத் திரும்ப ஒப்படைக்க 1794-இற் சென்ற தூதுக்குழுவுடன் சென்று, சுல்தான் முன்னிலையில் இயற்கைத் தத்துவச் சோதனைகளைச் செய்து காட்டினான்.

உடல்நலம் குன்றிய பெல் 1796-இல் சீமைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டில் எழும்பூர் அனுபவத்தை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1798-இல் லண்டன் ஆல்ட்கேட்டிலுள்ள ஒரு தருமப்பள்ளி அம்முறையை மேற்கொண்டது. அவ்வாண்டிலேயே ஜோசப் லங்காஸ்டர் என்னும் குவேக்கர் சமயத்து இளைஞரும் லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, இத்தகைய முறையை வளர்த்தார். முதலில் நட்பாயிருந்த இருவரும், முறையை முதலிற் கண்டவர் யார் என்னும் வழக்கிற் பிரிந்தனர். திருச்சபையார் பெல்லையும், பிற சபையார் லங்காஸ்டரையும் தாங்கினர். 1811-இல் பெல்லின் முறையைப் பரப்புதற்கெனத் தேசிய சங்கம் தோன்றிற்று. இவ்வழக்கு வருந்தத்தக்கதாயினும், இரு கட்சியாரும் போட்டியிட்டுப் பள்ளிகள் நிறுவியதால் ஏழைப் பிள்ளைகள் நன்மையே அடைந்தனர். 1833-இல் இங்கிலாந்து அரசாங்கம் முதன்முறையாகப் பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுன் உதவியபோது, அஃது இவ்விரு சங்கங்களின் வாயிலாகவே வழங்கப்பட்டது.

பெல்லிடம் குறைகள் இல்லாமலில்லை. தம் பெருமையைத் தாமே விரித்துரைப்பார், பிடிவாதமுடையவர், இவரது இல்லறமும் இனிது நடவாமற் பிரிவில் முடிந்தது. இவர் முறையிலும் குறையுண்டு. எழும்பூரில் ஒருவர்க்கொருவர் நன்கறிந்த சிறுவரிடையே உயிருடன் விளங்கியது, சீமையின் பெரிய பள்ளிகளில் நூற்றுக்கணக்கானவரை ஓட்டும் இயந்திரமாயிற்று. மனப்பாடம் மிகுந்தது, பொருளுணர்ச்சி குறைந்தது. 1846 முதல் பயிற்சி பெறும் மாணவ ஆசிரியர் அவ்விடத்திற்கு வந்தனர்.

இன்னொரு கேள்வியும் உண்டு. மணலெழுத்தைத் தமிழரிடம் கற்றதாகப் பெல் ஒளியாது ஒப்புக்கொண்டார். மாணாக்கர் மாணாக்கர்க்குக் கற்பிப்பதையோ தமது கண்டுபிடிப்பென்றே சாதித்தார். ஆனால் அண்ணாவியார்க்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை சிறுவரைப் பயிற்றுவது நம் திண்ணைப் பள்ளிகளின் பழவழக்கம். கன்னட நாட்டு இக்கேரியில் சிறுவர் ஆசிரியரின்றித் தாமே ஒருவரோடொருவர் சேர்ந்து மணலில் எழுதிக் கற்றதை இத்தாலியப் பிரயாணி பியெத்ரோ தெல்லா வல்லே 1623-இலேயே கண்டெழுதியுள்ளார். பெல் கண்ட அத்தமிழ்ச் சிறுவர் பெயரையோ அவர்தம் அண்ணாவியார் பெயரையோ எவரும் குறித்து வைத்திலர்.

1832-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள் பெல் செல்டன்ஹாம் நகரில் காலமாகி, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தாம் ஈட்டியதில் சுமார் 120,000 பவுனைக் கல்விக்கே உரிமையாக்கினார். மதராஸ் கல்லூரி அடுத்த ஆண்டில் அப்பொருளால் எழுந்தது. எடின்பரோ, ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் சர்வகலாசாலைகளில் கல்வி சாஸ்திரத்திற்கென 1876-இல் ஏற்பட்ட ஆசிரியப் பதவிகளும் அத்தருமத்தின் பயனே.

மாணவ நண்பர்களே! பிரிஸ்கனுக்குப் பட்டமில்லை, பயிற்சியில்லை, எட்டு வயதுதான். தனக்குத் தெரிந்த எழுத்தைத் தெரியாதவனுக்கு உரைத்தான், அவ்வளவே. நம் விடுமுறை நாட்களில் ஒவ்வொருவரும் அண்டை வீட்டுக் குழந்தையொன்றுக்கு நாலெழுத்துக் கற்பித்தால், பெயரறியாத அத்தமிழ்ச் சிறுவர்க்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.