வேலியைத் தாண்டியவர்

ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில், 1909இல் பிறந்த ரெஜினால்ட் ஆன்செட்டின் கதையை நாம் இன்று சொல்லப் போகிறோம். சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளை அல்லர் அவர். இளவயதிலே படிப்பை விட்டவர், பின்னல் இயந்திரம் பழுது பார்க்கும் தொழில் பழகியவர். 1931இல் பழைய ஸ்டுடிபேக்கர் கார் ஒன்றை வாங்கினார். ஊருக்கு ஊர் ஆள் ஏற்றினார். தொழில் வளர்ந்தது, வருவாயும் வளர்ந்தது.

பொறுக்குமா ஆளவந்தோருக்கு? ரயில் அரசாங்கத்துடையது, அதன் வருமானம் குறையலாமா? சட்டம் போட்டனர், ரயிலோடு போட்டியிட்ட சாலையை மறித்தனர். ஆன்செட் அழுதுகொண்டு உட்காரவில்லை. மாநிலச் சட்டத்தின் கை சாலை வரைதான் நீளும், வானம் வரை நீளாது என்று கண்டார். 1936 பிப்ரவரி 17ஆம் நாள், அவரது சின்னஞ்சிறு ஃபோக்கர் விமானம் ஹாமில்டனிலிருந்து மெல்போர்னுக்குப் பறந்தது!

1946இல் மத்திய அரசே டிரான்ஸ் ஆஸ்திரேலியா ஏர்லைன்ஸ் என்ற நிறுவனத்தைப் பறக்கவிட்டது. அதனோடு மோதி, தனியாரில் பெரியதான ஆஸ்திரேலியன் நேஷனல் ஏர்வேஸ் தள்ளாடிற்று. 1957இல் அதனை ஆன்செட் விலைக்கு வாங்கினார். சிறு மீன் பெரு மீனை விழுங்கிற்று!

வீரந்தான்; நாம் மறுக்கவில்லை. ஆனால் அதன் பிறகு? உள்நாட்டின் முக்கிய வழிகளில் இரண்டே நிறுவனங்கள், ஒன்று அரசுடையது, மற்றது ஆன்செட்டுடையது, என்று சட்டமே வேலி கட்டிற்று. ஒரே வகை விமானம், ஒரே கட்டணம், ஏறக்குறைய ஒரே நேரம்! போட்டி பெயரளவில், பணம் இழந்தவன் பயணி. வேலியைத் தாண்டியவர், வேலிக்குள் காவலிருந்தார்.

இன்னொன்றும் கேளுங்கள். தகுதி இருந்தும், டெபோரா வார்ட்லி என்ற பெண்ணுக்கு விமானி வேலை தர அவரது நிறுவனம் மறுத்தது. பெண்ணாகப் பிறந்ததே குற்றமாம்! அந்த அம்மையார் வழக்காடி 1979இல் வென்றார். நிறுவனத்தின் மேல்முறையீட்டை 1980இல் நாட்டின் தலைமை நீதிமன்றமும் தள்ளிற்று.

அந்த 1979லேயே நிறுவனம் கைமாறிற்று. 1981 டிசம்பரில் ஆன்செட் மறைந்தார். 1990இல் இரட்டையர் வேலி நீங்கிற்று. 2001 செப்டம்பரில் அவர் பெயர் தாங்கிய நிறுவனம் வீழ்ந்தது. சுமார் 16,000 தொழிலாளர் வேலையிழந்தனர். முதலாளியின் துணிவைப் புகழும் ஏடுகளிலே அந்த உழைப்பாளிகளின் பெயர் உண்டா?

தனக்காக வேலியைத் தாண்டுபவன் கெட்டிக்காரன். ஊருக்காக வேலியைப் பிடுங்குபவனே தலைவன். ஆன்செட்டைக் கெட்டிக்காரர் என்போம். அதற்கு மேல் ஓர் அங்குலமும் போகமாட்டோம்!