கதை சொன்ன குரல்: வை. மு. கோதைநாயகி அம்மாள்

சென்னையில் 1968ஆம் ஆண்டு நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினா கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலைகளுள் ஔவையாரும் கண்ணகியும் இடம் பெற்றனர். பாட்டியற்றிய மூதாட்டியையும் காப்பியத் தலைவியையும் இவ்வாறு போற்றும் அம்மாநகரம், அக்கடற்கரையை அடுத்த திருவல்லிக்கேணியில் வாழ்ந்து கதை சொல்லும் கலைக்கே தம்மை ஈந்த வை. மு. கோதைநாயகி அம்மையாரையும் மறத்தல் ஆகாது.

1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் வைணவக் குடும்பம் ஒன்றில் பிறந்த அம்மையார், இளங்குழவியாய் இருந்தபோதே தாயை இழந்தார். ஆறு வயது நிரம்புமுன்னரே வை. மு. பார்த்தசாரதி என்பாருக்கு மணம் செய்விக்கப்பெற்றார். பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் கேட்ட கதைகளை உள்ளத்தில் நிறுத்தி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சுவைபடச் சொல்லும் ஆற்றல் அவரிடம் இயல்பாக அமைந்திருந்தது. கணவருடன் சென்று கண்ட நாடகங்கள் அவ்வாற்றலை மேலும் வளர்த்தன.

இந்திர மோகனா என்னும் நாடகம் அவர் உள்ளத்தில் உருப்பெற்றபோது, அதனை எழுதக் கை பழகியிருக்கவில்லை. அவர் சொல்லச் சொல்லப் பட்டம்மாள் என்னும் தோழி ஏட்டில் எழுதினார். பின்னர் அத்தோழியின் துணையாலேயே அம்மையார் எழுதவும் கற்றார். தமிழ் நாவல் வரலாற்றில் அழியா இடம் பெறவேண்டிய நட்பு இது.

நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழை 1925இல் விலைக்கு வாங்கி, சுமார் 35 ஆண்டுகள் அம்மையார் நடத்தினார். பெண் எழுதுவதும் இதழ் நடத்துவதும் ஏளனத்திற்கு இலக்கான காலம் அது. அவ்வேளையில் அவர் 115 நாவல்களைப் படைத்தார். தம் இதழில் பிற பெண்கள் எழுதவும் இடமளித்தார். அடுக்களைப் பணி முடித்த மகளிர் கையிலெடுத்துப் படிக்கும் ஏடாக ஜகன்மோகினி வீடுதோறும் புகுந்தது.

காந்தியடிகளைக் கண்டபின் பட்டையும் அணிகலன்களையும் துறந்து கதர் உடுத்தினார். மேடைகளில் பேசினார், பாடினார். கள்ளுக்கடை மறியலில் ஈடுபட்டுச் சிறை சென்றார்; ஆங்கும் அவர் எழுத்துப் பணி ஓயவில்லை. விடுதலைப் போராட்டத் தொண்டிற்காக அரசு வழங்கிய 10 ஏக்கர் நிலத்தை வினோபாவின் பூமிதான இயக்கத்திற்கு அளித்துவிட்டார்.

1956இல் ஒரே மகனைப் பறிகொடுத்த துயரம் அவரை வாட்டியது. 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார். அவரது தயாநிதி என்னும் நாவல், 1966இல் சித்தி என்னும் திரைப்படமாகித் தமிழகமெங்கும் ஓடியது.

பொழுதுபோக்கு எழுத்து என அவருடைய நாவல்களை ஒதுக்கிய திறனாய்வாளரும் உண்டு. அவற்றின் கலைத்தரம் குறித்துக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால், எழுதக் கல்லாத ஓர் இளம்பெண் சொல்ல, மற்றொரு பெண் எழுதியதில் தொடங்கிய அப்பணி, எண்ணற்ற இல்லத்து மகளிரை வாசகராக்கியது. சிலரை எழுத்தாளராகவும் ஆக்கியது. அம்மையாரின் புகழுக்கு இதனினும் உறுதியான அடித்தளம் வேண்டுவதில்லை.